பதினோரு மணிச் சாப்பாடு

சென்ற வாரம் உணவு ஆலோசகர் ஆலைக்கு எழுதிக் கொடுத்த கடிதம் இன்னும் அக்காவின் கைப்பையில்தான் கிடந்தது. எட்டு நாளாகப் பையோடு வேலைக்குப் போவதும் பையோடு வீடு திரும்புவதுமாக, அதன் மூலைகள்கூட மடங்கிவிட்டன.

"இன்னைக்காவது கொடுத்துடுவியா?" என்றார் மாஸ்டர்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். தெருவே அவரை மாஸ்டர் என்றது. அவர் மனைவியான அக்காவும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பாக்கறேன்."

"பாக்கறேன்னா மாட்டேன்னு அர்த்தம். பதினாறு வருஷமா எனக்குத் தெரியாதா?"

அவள் தட்டைப் பார்த்தாள். தட்டில் ஓர் அவித்த முட்டை. அதில் பாதிதான் உள்ளே போயிருந்தது.

"அதையே பாத்துக்கிட்டிருந்தா குஞ்சா பொரிக்கப் போகுது? சாப்பிடு."

சிரிப்பு வந்தது. சிரித்தால் புரையேறும் என்று அடக்கிக்கொண்டாள்.

நான்கு மாதத்துக்கு முன் மருத்துவர்கள் அவள் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, வாழைப்பழ அளவுக்கு மிச்சம் வைத்திருந்தார்கள். எடை இருபத்தெட்டு கிலோ இறங்கியிருந்தது. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ஆனால் இந்த விஷயம் மாஸ்டர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். ஆலையில் அவள் சொல்லியிருந்தது பித்தப்பைக் கல். உறவினர்களுக்கும் அதே கல். கூடப் பிறந்த தங்கைக்கும் அதே கல்தான்.

"அப்புறம் எப்படி இப்படி இளைச்சே?" என்று கேட்டவர்களிடம், "வாயைக் கட்டினேன், நடந்தேன்" என்றாள். முதல் தடவை சொன்னபோது நாக்குக் கூசியது. பத்தாவது தடவை கூசவில்லை.

போன வாரம்தான் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. புரதம் குறைவு, இரும்புச்சத்து குறைவு. தலை சீவினால் சீப்போடு கொத்தாக முடி வருவதற்கும் காரணம் அதுதான்.

"வீட்ல ஒழுங்காத்தான் சாப்பிடறீங்க. வேலைக்குப் போற எட்டு மணி நேரம்தான் பட்டினி" என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். "உங்க வயித்துல ஒரே தடவையா கொள்ளாது. ரெண்டு ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமா சாப்பிடணும். முதல்ல புரதம். தண்ணியைச் சாப்பாட்டோட குடிக்காம நடுநடுவுல ஒவ்வொரு மடக்கா குடிங்க. பத்து நிமிஷம் கேளுங்க, போதும்."

பத்து நிமிஷம். அதைக் கேட்க வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

*

அவள் வேலை செய்த ஆலையில் கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் தயாரானது. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. ஒரு தூசி ஒட்டினாலும் எறிந்துவிட வேண்டியதுதான். அதனால் பரிசோதனை அறைக்குள் போகுமுன் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை, அதன்பின் தூசியை ஊதித்தள்ளும் காற்றுக் கூண்டுக்குள் நின்று ஒரு சுற்று. போட எட்டு நிமிஷம், கழற்ற ஆறு நிமிஷம். தேநீர் இடைவேளையோ பத்தே நிமிஷம். அதனால் காலை எட்டு மணிக்கு உள்ளே போன யாரும் ஒரு மணிச் சாப்பாட்டுக்கு முன் வெளியே வருவதில்லை.

உள்ளே உணவு கூடாது. தண்ணீர்கூடக் கூடாது. யாராவது தும்மினாலே சூப்பர்வைசர் வேலை வரிசையையே நிறுத்திவிடுவார். தும்மல் என்பதே அவருக்கு வைத்த பெயர்.

அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு பெயர் இருந்தது. ரெட்டை அண்டா. ஒன்பது வருஷமாக இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உருப்பெருக்கியில் கண் வைத்தவர்கள். பெயர் வைத்தவர்களைவிடச் சத்தமாக அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களும் அவர்களே. இப்போது அதை யாரும் சொல்வதில்லை. தங்கை மட்டும் அதே நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, முகம் என்ன வெளுத்துக் கிடக்கு?" உடுப்பு மாற்றும் அறையில் தங்கை கேட்டாள்.

"தூக்கம் இல்லடி."

"எனக்கும்தான். கண்ணை மூடினா தட்டுதான் வருது." ஏதோ சொல்ல வந்தவள் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பதினொன்று ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது அக்காவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பசி இல்லை. அறுவைக்குப் பிறகு பசி என்பதே மறந்துபோயிருந்தது. முழங்காலில் இருந்து பலம் வடிந்துபோகிற மாதிரி ஒரு தளர்ச்சி. லென்ஸின் ஓரம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

மூன்று வாரமாகச் செய்வதையே இன்றும் செய்தாள். கையுறையின் மடிப்புக்குள் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம், அதில் ஒரு கரண்டி புரோட்டீன் பவுடர். இருமல் வந்தவள்போலக் குனிந்து, முகமூடியை ஒரு விரலால் தூக்கி, பொட்டலத்தை வாயில் கொட்டினாள். மாவு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் இல்லாமல் எச்சிலால் கரைத்து விழுங்க எப்போதும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். திருடித் தின்கிற பூனைக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று தினம் தோன்றும். விழுங்கியதும் மறந்துவிடுவாள்.

இன்று கை நடுங்கியதில் கொஞ்சம் சிந்தியிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

*

"யாரும் எழுந்திருக்காதீங்க!"

தும்மல் தங்கையின் மேசைக்கும் அக்காவின் மேசைக்கும் நடுவில் நின்றார். அங்கே இருந்த தட்டில் நூற்றிருபது லென்ஸ். விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும் அவற்றின்மேல் மெல்லிய வெண்படலம் தெரிந்தது.

கையுறை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். "பால் வாசனை அடிக்குது. வெனிலா வாசனை. இது திங்கற சாமான்."

பதினான்கு பேர் இருந்த அறையில் காற்றாடியின் இரைச்சல் மட்டும்தான்.

"இது கண்ணுக்குள்ள போற பொருள். ஒரு மனுஷனோட கண்ணுக்குள்ள! யாரு?"

தலைகள் திரும்பின. முகமூடிக்கு மேலே தெரிந்த அத்தனை கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. அக்காவைத் தாண்டி, தங்கையிடம்.

பின் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்: "இதைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமாக்கும்."

ஓர் அரைச் சிரிப்பு எழுந்து அடங்கியது.

"நான் இல்ல சார்" என்றாள் தங்கை.

"உங்க மேசைக்கிட்டதான் இருக்கு."

"என் மேசைக்கிட்ட இருந்தா நான்தானா? நான் எதுவும் கொண்டுவரல சார். வேணும்னா சோதிச்சுக்குங்க."

"வெளியில வாங்க, பேசிக்கலாம். உங்க நுழைவு பாஸைக் கொடுங்க."

தங்கை எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கும் யாரோ சிரித்தார்கள். அவள் அக்காவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லேன் என்கிற பார்வை அது.

அக்காவின் மேலண்ணத்தில் மாவு இன்னும் கரையாமல் ஒட்டியிருந்தது. வாயைத் திறந்தால் குரலிலேயே தெரிந்துவிடும். திறக்கவில்லை. உருப்பெருக்கியில் கண்ணை வைத்துக்கொண்டாள். அதில் எந்த லென்ஸும் இல்லை.

*

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் தங்கை இல்லை. பின்பக்கம் லாக்கர் வரிசைக்கு நடுவே, தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு தம்ளர் வெந்நீர்.

"டப்பா எங்கடி?" என்றாள் அக்கா.

"கொண்டுவரல."

"ஏன்?"

"மூணு வாரமாவே கொண்டுவரல. நீ கவனிக்கல." தங்கை தம்ளரைச் சுழற்றினாள். "காலையில ஒரு பழம். ராத்திரி ஒரு பழம். நடுவுல வெந்நீர். போன வாரத்துல இருந்து அந்தக் காலைப் பழமும் இல்ல. நீ வாயைக் கட்டினியே அக்கா, அப்படி நானும் கட்டிப் பாக்கறேன்."

அக்கா அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"உனக்கு நாலு மாசத்துல இருபத்தெட்டு கிலோ. எனக்கு மூணு வாரத்துல ரெண்டு. மத்தியானம் ஆனா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. ஒருநாள் பஸ்ஸுல விழப் பாத்தேன். உனக்கு இருக்கிற மனசு உறுதி எனக்கு இல்லபோல." மூக்கை உறிஞ்சினாள். "அதுல பாரு, உலகத்துல யாரு தின்னாலும் தின்னிருப்பாங்க, நான் மட்டும் இன்னைக்குத் தின்னிருக்க வாய்ப்பே இல்ல. சிரிப்பா இல்ல?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ சொன்னா சார் நம்புவாரு அக்கா. உன் பேச்சுக்கு இப்ப ஒரு மதிப்பு இருக்கு. தங்கச்சி பட்டினின்னு ஒரு வார்த்தை சொல்லேன். எனக்காக."

"சொல்றேன்" என்றாள் அக்கா. எழுந்து, தன் லாக்கரில் இருந்த கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டாள்.

தும்மலின் அறை ஒரு பீரோவும் ஒரு மேசையும் அடைத்துக்கொண்ட சின்ன அறை. அவர் பாதி ரொட்டியோடு நிமிர்ந்தார். அக்கா கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"அந்தத் தூள் என்னோடது சார்."

அவர் கடிதத்தைப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"பித்தப்பைன்னு சொன்னீங்களே?"

"பொய் சார்."

"எத்தனை நாளா உள்ள சாப்பிடறீங்க?"

"மூணு வாரமா."

அவர் ரொட்டியைத் தள்ளி வைத்தார். "மூணு வாரத் தட்டையும் இப்ப திரும்ப எடுத்துப் பாக்கணும். தெரியுதா உங்களுக்கு? ஒம்பது வருஷம் இங்க இருந்தவங்க நீங்க. புதுசா வர்ற பிள்ளைங்களுக்குத் தூசின்னா என்னன்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே?"

"ஆமா சார்."

"முதலுதவி ரூம் பக்கத்துல ஒரு அறை சும்மாத்தான் கிடக்கு. போன வருஷம் குழந்தை பெத்துட்டு வந்த அம்மாவுக்குப் பால் எடுக்க அதைத்தான் கொடுத்தோம். உங்களை வெளி மேசைக்கு மாத்தியிருந்தா, உடுப்பே போட வேண்டாம், நேரத்துக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வரலாம்." அவர் குரல் தாழ்ந்தது. "கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேம்மா."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"என் தங்கச்சி பாஸைத் திருப்பிக் கொடுத்துடுங்க சார். அவ மூணு வாரமா பட்டினி கிடக்கறா. நான் வாயைக் கட்டி இளைச்சேன்னு சொன்னதை நம்பி. நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அவளுக்கு அது தெரியாது."

"இப்ப தெரிஞ்சுடுச்சு" என்றது பின்னால் ஒரு குரல்.

கதவோரம் தங்கை நின்றிருந்தாள். அக்கா எப்படிப் பேசுகிறாள் என்று கேட்கலாமென்று பின்னாலேயே வந்திருக்கிறாள்.

தும்மல் அவசரமாக எழுந்து பாஸை நீட்டினார். "நான் உங்களைச் சந்தேகப்பட்டது தப்பும்மா. எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

தங்கை பாஸை வாங்கிக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை.

"மூணு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தேனே, எதுக்குக்கா? வெறும் கல்லுக்கா?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

"மேனேஜர் நாளைக்கு வர்றாரு" என்றார் தும்மல், காலி வாசலைப் பார்த்தபடி. "நான் எழுதித்தான் ஆகணும். முடிவு அவரோடது."

*

மாஸ்டர் அந்த நேரத்தில் ஒரு பல் டாக்டருக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "எங்க இருக்கீங்க மாமா?" என்று போனில் கேட்டு, பத்து நிமிஷத்தில் வந்து பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள் மைத்துனி.

"நீங்க ஓட்டுங்க டாக்டர். நேராப் போங்க" என்றார் மாஸ்டர். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா மாமா?"

"தெரியும்மா. டாக்டர், செகண்ட் கியர்."

"என்கிட்ட சொல்லணும்னு ஒரு நாள்கூடத் தோணலியா?"

"தினம் தோணும். அவ சத்தியம் வாங்கிட்டா. கிளட்சை மெதுவா விடுங்க."

"நான் பட்டினி கிடந்தது தெரியுமா?"

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "என்னது?"

வண்டி ஒரு குதி குதித்து நடுரோட்டில் நின்றது. பின்னால் நாலு ஹாரன்கள் அடித்தன.

"நான் இறங்கிக்கட்டுமா மாஸ்டர்?" என்றார் டாக்டர் மெதுவாக.

"நீங்க ரோட்டைப் பாருங்க." மாஸ்டர் மைத்துனி பக்கம் திரும்பினார். "சத்தியமா தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா இதை இத்தனை நாள் விட்டிருக்க மாட்டேன்."

வண்டி மறுபடி கிளம்பியது. ஒரு ரொட்டிக் கடை வாசலில் அவரே தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார். உள்ளே போய் ரொட்டியும் சூடான பாலும் வாங்கிவந்து பின் ஜன்னல் வழியாக நீட்டினார். மைத்துனி வாங்கிக்கொண்டாள். முதல் வாயைக் கடித்ததும் அழ ஆரம்பித்து, அழுதுகொண்டே முழு ரொட்டியையும் தின்று முடித்தாள். பல் டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மாலை ஐந்தரைக்கு அக்கா தங்கையின் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. கதவு ஒரு சாண் அளவுதான் திறந்தது.

"உள்ள வரட்டுமா?"

"சொல்றதை இங்கயே சொல்லு."

அக்கா படிக்கட்டின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வழி முழுக்க ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"நீ வேணாம்னு தடுப்பேன்னு பயந்தேன். அதான் சொல்லல."

"பொய்."

"ஆமா. பொய்தான்." அக்கா கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுத்தாள். "உன்கிட்ட சொன்னா நீயும் பண்ணிக்குவே. அப்ப மறுபடியும் நாம ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவோம். எனக்கு... ஒரு தடவையாவது உன்னைவிட ஒல்லியா, தனியா நிக்கணும்னு இருந்துச்சு. எல்லாரும் என்னைப் பாத்து எப்படிம்மா இதுன்னு கேட்டாங்க இல்ல, அது பிடிச்சிருந்துச்சு. நீ பக்கத்துல அப்படியே இருந்தது அதுக்கு வசதியா இருந்துச்சு."

இதை மாஸ்டரிடம்கூட அவள் சொன்னதில்லை. தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

மேல் மாடியில் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு அவங்க எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்களே, அப்ப நீ என்ன நினைச்சே?"

"நல்லவேளை என்னைப் பாக்கலன்னு."

தங்கை தலையசைத்தாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டவளைப்போல இருந்தாள்.

"நாளைக்கு என் பக்கத்து நாற்காலியில உக்காராதே" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் உன்னைப் பாக்க முடியாது என்னால."

கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. மெதுவாகச் சாத்தியதுதான் வலித்தது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அக்காவின் போன் அதிர்ந்தது. ஆலைப் பெண்கள் பேசிக்கொள்ளும் குழுவில் எழுபது செய்திகள்; தும்மலின் அறையில் பேசியது அதற்குள் பரவியிருந்தது. 'வயித்தை வெட்டிட்டுத்தான் இந்த அழகா?' என்று ஒருத்தி. 'நமக்கெல்லாம் நடக்கச் சொல்லி உபதேசம் வேற' என்று இன்னொருத்தி. சிரிக்கிற முகங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் படித்தாள். தனக்கு வேண்டியதுதான் என்று படித்தாள்.

கடைசிச் செய்தி தங்கையுடையது. ஒரு நிமிஷத்துக்கு முன், கதவைச் சாத்திய கையோடு அனுப்பியிருக்கிறாள்.

'எங்க அக்காவை யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேச வேண்டியவ நான். நான் பேசிக்கிறேன்.'

அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வெள்ளை அறையில் வாயைத் திறக்காமல் குனிந்திருந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை குழுவில் இல்லை. அவளுக்கு மட்டும்.

'உனக்கு ஆபரேஷன் பண்ண டாக்டர் நம்பர் அனுப்பு. நீ கூட வர வேணாம்.'

நம்பரைத் தேடி எடுத்தாள். அனுப்புவதற்கு முன் விரல் நின்றது. மூன்று வாரப் பட்டினியோடு, இந்தக் கோபத்தோடு, தனியாகப் போய் அவள் அந்த டாக்டரிடம் என்ன கேட்கப் போகிறாள்?

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு தங்கையின் குரல், கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து:

"இன்னும் அங்கேயா உக்காந்திருக்கே? அனுப்பினியா இல்லையா?"